மோல்டு போனால் கார் போச்சு: பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டுகளின் கதை

ஒரு புதிரோடு ஆரம்பிப்போம். ஒரே நிறுவனம், 1960களின் தொடக்கத்தில், ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் மாடல் கார் கிட் வெளியிடுகிறது. இரண்டும் அன்றைக்குக் கிட்டத்தட்ட ஒரே விலை. இன்றைக்கு ஒன்றைப் பிரிக்காத பெட்டியோடு வாங்க ஒரு மாதச் சம்பளம் வேண்டும். இன்னொன்றைச் சாதாரணப் பொம்மை விலைக்கே வாங்கிவிடலாம். ஏன்?

காரின் அழகு காரணமில்லை, பெட்டியின் வயதும் இல்லை. முதல் கிட்டின் மோல்டு இப்போது உலகில் இல்லை. இரண்டாவதன் மோல்டு எங்கேயோ ஒரு கிடங்கில் இருக்கு. அதை எடுத்து மெஷினில் மாட்டினால் நாளைக்கே ஆயிரம் பெட்டி வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது இது: மாடல் கார் கிட்டின் வரலாறு என்பது காரின் வரலாறு இல்லை, பிளாஸ்டிக்கின் வரலாறும் இல்லை. இரும்பில் குடைந்த அச்சுகளின் வரலாறு. யார் செய்தார்கள், யார் கைக்குப் போச்சு, யார் வெட்டி மாற்றினார்கள், எது தொலைந்தது என்பதுதான் கதை. ஆரணிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். புடவை விற்றுப் போகும், ஜக்கார்டு அட்டைக்கட்டு தறியிலேயே இருக்கும். கட்டு இருக்கும்வரை அதே பார்டரை எத்தனை புடவையிலும் போடலாம். கட்டு போனால் டிசைனும் போச்சு.

கிட் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக. காரின் பாடி, பானட், பம்பர், சக்கரம், என்ஜின், ஸ்டீயரிங் எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் பாகங்களாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே காரை உருவாக்க வேண்டும். ஓட்டி விளையாடுவதற்கு அல்ல, கட்டுவதுதான் விளையாட்டு.

செய்முறை இன்ஜெக்‌ஷன் மோல்டிங். நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் மூடி, சுவிட்ச் பெட்டி எல்லாம் வரும் அதே வழி. உருக்கிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் மோல்டுக்குள் செலுத்தி, குளிரவைத்து, திறந்து எடுப்பது. பிளாஸ்டிக் விலை கொஞ்சம்தான். செலவெல்லாம் மோல்டில்.

அதிலும் கார் பாடிக்கான மோல்டு சிக்கலானது. பம்பர் மாதிரி சின்னப் பாகத்துக்கு மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டு போதும். ஆனால் காரின் கூரை, முன்புறம், பின்புறம், இரண்டு பக்கவாட்டு என்று எல்லாப் பக்கமும் டிசைன் இருக்கே. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகரும் துண்டுகள், உள்ளே ஒரு கரு. இவை எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் சேர வேண்டும். பழைய கிட்டின் மட்கார்டு ஓரமாக விரலை ஓட்டினால் மெல்லிய கோடு தட்டுப்படும். துண்டுகள் சந்தித்த இடம் அது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இதை எப்படிக் குடைந்தார்கள்? காரை முதலில் பெரிய அளவில், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு மாதிரி, மரத்தில் செதுக்குவார்கள். பிறகு பேன்டோகிராப் மெஷின். ஒரு முனை மர மாதிரியின் மேல் தடவிக்கொண்டே போகும், இன்னொரு முனை அதே அசைவைச் சின்னதாக்கி இரும்பில் வெட்டும். கண்ணும் கையும் செய்த வேலை. திரும்பச் செய்தால் அதே மாதிரி வராது.

டெட்ராய்ட்: விற்பனையாளர் கொடுத்த பொம்மை

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் அமெரிக்கக் கார் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை காரின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தன. புது கிரில், புது வால், புது நிறம். ஷோரூமுக்கு வருகிறவரின் கையில் கொடுக்க, கூடவே வரும் பையனைச் சமாதானப்படுத்த, அந்த வருஷக் காரின் சின்ன வடிவம் தேவைப்பட்டது. இதுதான் புரமோ மாடல்.

1948-இல் வெஸ்ட் கேலோக்லி என்ற டெட்ராய்ட் வழக்கறிஞர் ஏஎம்டி நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரின் விரிவு அலுமினியம் மாடல் டாய்ஸ். பெயரில் அலுமினியம் இருந்தாலும் சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். நிஜக் கார் கம்பெனியின் வரைபடங்கள், நிஜக் காரின் நிறங்கள். ஜோ-ஹான் போன்றவர்களும் இதே தொழிலில் இருந்தார்கள்.

ஆரம்பகால புரமோக்களுக்கு ஒரு சாபம் உண்டு. அவை செல்லுலோஸ் அசிடேட் வகை பிளாஸ்டிக்கில் செய்தவை. வருஷம் போகப் போக அது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். இன்று கிடைக்கும் 1950களின் புரமோக்கள் பலவற்றைப் பாருங்கள், வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் அந்த இடத்தைப் பிடித்ததும்தான் பிரச்சினை தீர்ந்தது.

கலிபோர்னியாவில் ரெவெல் வேறு வழியில் வந்தது. 1950களின் தொடக்கத்தில் 'ஹைவே பயனியர்ஸ்' என்ற வரிசையில் பழங்காலக் கார்களை 1:32 அளவில் கிட்டாக விற்றது. அதற்கு முன் மாடல் கார் கட்டுவது என்றால் பெரும்பாலும் மரக்கட்டையைச் செதுக்குவது. கைவேலை தெரிந்தவர்களுக்கு மட்டும். பிளாஸ்டிக் வந்ததும் பத்து வயதுப் பையனும் கட்டலாம் என்றாயிற்று.

பெரிய திருப்பம் 1958. ஏஎம்டியும் அதன் கூட்டாளி எஸ்எம்பியும் ஒரு எளிய கணக்குப் போட்டன. புரமோவுக்காக அந்த வருஷக் காரின் மோல்டு எப்படியும் செய்தாகிவிட்டது. அதே பாடியை ஒட்டாத பாகங்களோடு பெட்டியில் போட்டுக் கடையில் விற்றால் என்ன? கூடவே ஒரு சட்டம் கூடுதல் பாகம் வைத்தால், வாங்குகிறவர் காரைக் கம்பெனி வடிவத்திலும் கட்டலாம், அலங்கார வடிவத்திலும் கட்டலாம், ரேஸ் காராகவும் கட்டலாம். 'த்ரீ இன் ஒன்' கிட். நிஜக் காரை வெட்டி ஒட்டி மாற்றுவது அப்போது அங்கே இளைஞர்களின் பித்து. கார் வாங்க முடியாத பையன் அதையே மேஜைமேல் செய்தான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஏஎம்டி வழி 1:25. பத்தில் ஒரு பங்கு மாதிரியிலிருந்து இரண்டரை மடங்கு குறைத்தால் கிடைப்பது. சிகாகோவின் மோனோகிராம் பெரும்பாலும் 1:24. அதில் நிஜக் காரின் ஓர் அடி, மாடலில் சரியாக அரை அங்குலம். ஒன்று தொழிற்சாலை வரைபடத்தின் பிள்ளை, மற்றது அடிக்கோலின் பிள்ளை. இரண்டு அளவும் இன்றுவரை ஒன்றோடொன்று சேராமல் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இப்போது புதிருக்கு விடை

ஒவ்வொரு வருஷமும் கார் மாறும் என்று சொன்னேன் அல்லவா? கார் மாறினால் மாடலும் மாற வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் முழு மோல்டைப் புதிதாகச் செய்ய யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால் 1963 மோல்டையே வெட்டி, பற்றவைத்து, புது கிரில் குடைந்து 1964 ஆக்கினார்கள். பிறகு அதையே 1965 ஆக்கினார்கள். கடைசியில் சில பாடிகளில் சக்கர வளைவை அகலமாக்கி ரேஸ் காராக்கினார்கள்.

என் தொழில் பாஷையில் சொன்னால், பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்துக்கொண்டே போனார்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப வழியே இல்லை. அன்றைக்கு அது தவறும் இல்லை. போன வருஷக் காரின் கிட்டை யார் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. நாற்பது வயதான பிறகு, அப்பா வைத்திருந்த காரைத் தேடி அந்தப் பையனே திரும்பி வருவான் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

ஆக, முதல் கிட் இப்படி மாற்றப்பட்ட வருடாந்திரக் கிட். 1963 பாடி 1963-இல் மட்டும்தான் அச்சானது. இரண்டாவது, 1932 ஃபோர்டு மாதிரி ஒரு பழங்காலக் கார். அதை யாரும் வருஷாவருஷம் மாற்றவில்லை. மோல்டு அப்படியே தப்பித்தது. விலை வித்தியாசத்தின் ரகசியம் இதுதான்.

தப்பித்த மோல்டுகளும் நிம்மதியாக இருக்கவில்லை. 1978-இல் ஏஎம்டியை, மேட்ச்பாக்ஸ் செய்த லெஸ்னி வாங்கியது. 1980களில் அது எர்டில் கைக்குப் போனது. 1963-இல் தொடங்கிய போட்டி நிறுவனமான எம்பிசியின் மோல்டுகளும் அதே எர்டிலிடம் வந்து சேர்ந்தன. இன்று இரண்டு பெயர்களும் ரவுண்ட் டூ என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் இணைந்தன. 2018-இல் அவற்றின் தாய் நிறுவனம் திவாலானது, பிறகு கைமாறியது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் பல டன் இரும்பு லாரியில் ஏறி இறங்கியது. இறங்கியது எல்லாம் ஏறியது தானா என்பது வேறு விஷயம்.

இப்போது நடப்பது இன்னும் சுவாரசியம். மோல்டு அழிந்த பழைய கிட்டைச் சேகரிப்பவரிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் செய்து, அதிலிருந்து புது மோல்டு வெட்டுகிறார்கள். அதாவது மூலநிரல் தொலைந்துவிட்டது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிலிருந்து மூலநிரலைத் திரும்ப எழுதுகிறார்கள். ஒரு ஆள் அறுபது வருஷம் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டிதான் இதைச் சாத்தியமாக்குகிறது.

இங்கிலாந்தும் ஜப்பானும்

இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ். 1939-இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் தொடங்கியது. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, பிறகு பிளாஸ்டிக் சீப்பு. 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்காக ஒரு மாடல் டிராக்டர் கேட்டது. தொழிற்சாலையில் ஒட்டிக் கொடுப்பது கஷ்டமாக இருந்தது. பிறகு அதையே பாகங்களாக விற்றார்கள். 1952-இல் வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு ஒரு கப்பல் கிட், 1950களின் நடுவில் 1:32 அளவில் பழங்காலக் கார்கள். கவனித்தீர்களா? டெட்ராய்டிலும் லண்டனிலும் தொடக்கம் ஒன்றே: வண்டி விற்பவன் கொடுத்த விளம்பரப் பொம்மை.

ஜப்பானின் தமியா 1946-இல் ஷிசுவோகாவில் மரக்கடையாகத் தொடங்கியது. மர மாடல்கள் செய்து, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1967-இல் ஹோண்டா ஃபார்முலா ஒன் காரை 1:12 அளவில் வெளியிட்டது. 1970களில் போர்ஷே 934 மாடலுக்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது இந்த உலகில் பிரபலமான கதை. கம்பெனி வரைபடத்தை நம்பாமல் நேரே காரையே படிப்பது. பாகங்கள் தேய்க்காமலே கச்சிதமாகப் பொருந்துவது அவர்களால் எல்லோருக்கும் அளவுகோலானது.

நம்ம ஊரில் ஏன் வரவில்லை?

இந்தியாவில் பொம்மைக் கார் இருந்தது. 1960களின் இறுதியில், லிவர்பூலின் டிங்கி டாய்ஸ் பயன்படுத்திய அச்சுகளில் சில கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் உலோகக் கார்கள் வார்த்தார்கள். சில கார்களின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் டிங்கி என்ற பெயரைச் சுரண்டிய தடம் தெரியும். அதில் ஒன்று டிரையம்ப் ஹெரால்டு. இந்தியாவுக்காக அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது.

இதில்தான் அழகு. நிஜ ஹெரால்டும் அதே வழியில் வந்த கார்தான். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 1961-இலிருந்து சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. 1971-இல் அதே காரின் பாடியை மாற்றி கெஸல் என்று விட்டார்கள். அம்பாசடரும் அப்படியே, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. நிஜக் காரின் அச்சும் கப்பலேறி வந்தது, பொம்மைக் காரின் அச்சும் கப்பலேறி வந்தது. ஒன்று சென்னையில் இறங்கியது, மற்றது கல்கத்தாவில்.

ஆனால் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட் இங்கே வேர் பிடிக்கவில்லை. நம்மிடம் பணம் இல்லை, பசை பெயின்ட் கிடைக்கவில்லை, இறக்குமதிக் கட்டுப்பாடு என்று வழக்கமான காரணங்கள் உண்டு. அவை சரிதான். மோல்டு செய்யத் தெரியவில்லை என்பது மட்டும் முழுசாகச் சரியில்லை. கிண்டியில் சிபெட் 1968-லேயே வந்துவிட்டது. பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதுதான் அதன் வேலையே.

என் ஊகம் வேறு. மேலே பார்த்தபடி, கிட்டின் தாய் புரமோ. புரமோவின் தாய் போட்டி. வருஷம் ஒருமுறை முகம் மாற்றி, வாங்க மாட்டாயா என்று வாடிக்கையாளரைக் கெஞ்சும் சந்தை அது. நம்மிடம் இருந்தது என்ன? அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கிறவனுக்கு டீலர் எதற்குப் பொம்மை கொடுப்பார்? வருஷத்துக்கு ஒரு முகமும் இல்லை. 2014-இல் உற்பத்தி நின்றபோதும் அம்பாசடரைப் பார்த்தவுடன் தாத்தா காலத்துக் கார் என்று அடையாளம் சொல்லலாம். படியின் முதல் கல்லே வைக்கப்படவில்லை. அதனால்தான் இந்தியத் தெருக்களின் அரசனாக இருந்த அம்பாசடர், செண்ட்டி டாய்ஸின் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் காராக நம் வீடுகளுக்கு வந்தது; கிட்டாக வரவில்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். கடந்த பதினைந்து வருஷத்து ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் இந்தியத் தயாரிப்பு என்று அச்சிட்டிருக்கும். ஆரணியிலிருந்து ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை; அங்கே எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை இருக்கு. கை இருக்கு, மெஷின் இருக்கு. நம் காரின் மோல்டை வெட்ட யாராவது நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கையில் பழைய கிட் இருந்தால்

அயல்நாட்டு உறவினர் கொண்டுவந்தது, பழைய பொருள் கடையில் கிடைத்தது என்று சிலரிடம் இருக்கலாம். மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, டயரைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய கிட்டின் மெத்தென்ற டயர் பிவிசி. அதை மெதுவாக்கச் சேர்த்த ரசாயனம் வருஷக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பாகத்தை உருக்கிவிடும். சக்கரத்தில், கண்ணாடியில் டயரின் தழும்பு அப்படித்தான் விழுகிறது. ஜிப் பை ஒன்று போதும்.

இரண்டு, நம்ம ஊருக்கு முக்கியமானது. பட்டுப்புடவை பீரோவில் வைக்காதீர்கள். அந்துருண்டையின் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். புடவையைக் காப்பாற்றுவது காரைக் கொன்றுவிடும்.

மூன்று, ஓடு அல்லது தகரக் கூரைக்கு அடியில் பரண்மேல் வேண்டாம். வெயில் காலத்தில் பாடி வளையும், ராமபாணப் பூச்சி பெட்டியையும் டிகால் தாளையும் தின்னும். படமும் அச்சும் உள்ள பெட்டிக்கே பாதி மதிப்பு.

கட்டலாமா, கட்டாமல் வைக்கலாமா? கட்டத்தான் செய்தார்கள், கட்டுங்கள் என்பேன். ஆனால் மோல்டு அழிந்த கிட் என்று தெரிந்தால், கட்டும் முன் எல்லாப் பாகத்தையும் அளவுகோல் வைத்துப் படமாவது எடுங்கள். உலகத்தில் அந்தக் காரின் கடைசி சில பிரதிகளில் ஒன்று உங்கள் மேஜைமேல் இருக்கலாம்.

முப்பது கிலோபைட்

இதை எழுதும்போது எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது டெட்ராய்ட் இல்லை, ஆரணி. ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், பாவு இழை எழும், இல்லாவிட்டால் எழாது. ஆம், இல்லை. கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யம் போலவேதான். 240 கொக்கி ஜக்கார்டில் ஓர் அட்டை என்பது 240 பிட், அதாவது 30 பைட். ஆயிரம் அட்டை கோர்த்த ஒரு பெரிய முந்தி டிசைன் வெறும் 30,000 பைட். வாட்ஸாப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிசு.

எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த தறிகளில் டிசைன் பென்டிரைவில் வருகிறது. பழைய அட்டைக்கட்டுக்கு அங்கே வேலையில்லை. இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போகும், அடுப்புக்குப் போகும். 1963 மோல்டை 1964 ஆக்கியவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்: போன வருஷத்து டிசைன் யாருக்கு வேண்டும்?

மோல்டைக் காப்பாற்றக் கிடங்கும் கிரேனும் வேண்டும். அட்டையைக் காப்பாற்ற ஒரு போனும் ஒரு மதியமும் போதும். கருப்புத் துணிமேல் அட்டையை வரிசை எண்படி வைத்து, நேர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தால், ஓட்டைகளைப் படித்துக் கோப்பாக மாற்றும் நிரல் எழுதுவது பெரிய வேலை இல்லை. கூடவே எந்தத் தறி, எத்தனை கொக்கி, யார் டிசைன், எந்தப் புடவைக்கு என்று நான்கு வரி எழுதி வையுங்கள். படத்தைவிட அந்த நான்கு வரிதான் பின்னால் யாரும் திரும்பச் செய்ய முடியாதது. உங்கள் வீட்டுப் பரணிலோ சொந்தக்காரர் தறிக்கூடத்திலோ கட்டு ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். போனோடு நானே வருகிறேன்.